கடைசி வீட்டை வழிமொழிந்த ஊர்

எங்கள் ஊரில் தேர்தல் நடந்ததும், அதில் என் வீட்டுக்காரர் ஏகமனதாகத் தலைவர் ஆனதும், அந்த நேரத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்ததும் உண்மை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள், அவர்களும் நம்புவதில்லை.

ஆலத்தூர் நாடு என்கிற மலை வட்டாரத்தில், தார் ரோட்டிலிருந்து கீழே சரிகிற மலைப்பக்கத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ரோட்டோரம் ஒரு டீக்கடை, அதை ஒட்டிச் சமுதாயக் கூடம். அங்கிருந்து வீடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கி வரும். இறங்கி இறங்கி, இதற்குக் கீழே மனுஷன் வீடு கட்ட மாட்டான் என்று தோன்றுகிற இடத்தில் எங்கள் வீடு. ஊரில் யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் கடைசி ஊட்டுக்காரர், நான் கடைசி ஊட்டுக்காரி, எங்கள் ஆடுகூடக் கடைசி ஊட்டு ஆடுதான். ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே பாதை என்று சொல்லிக்கொள்வது வெறும் கல்லும் மர வேரும். மழைக்காலத்தில் அதுவும் வாய்க்காலாகிவிடும்.

அவர் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியபோது மூங்கில் ஏணி நழுவி விழுந்தார். இடுப்பும் இரண்டு காலும் நொறுங்கிப்போயின. உயிர் தப்பியதே பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, கைகளை ஊன்றி வாசல்வரை நகர்வார், அவ்வளவுதான். அதற்கு மேல் எதற்கும் நான் வேண்டும். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

நடுவில் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை அவருக்குக் கொடுத்தது. லாரியில் வந்து ரோட்டோரம் இறங்கியது. அங்கிருந்து கீழே வர வழியில்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். மேலேயிருந்து யார் வந்தாலும், "வண்டி நல்லாருக்குதா?" என்று கேட்பார், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல. வண்டி நன்றாகத்தான் இருந்தது. அதன் கால் வைக்கும் இடத்தில் டீக்கடைக்காரரின் கோழிகள் முட்டை வைத்தன. அவர் நியாயமானவர், முட்டையில் பாதியை எங்களுக்கு அனுப்பிவிடுவார். அந்த வண்டியால் நாங்கள் கண்ட பலன் அது ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை நானே வண்டி ஓட்டிக்கிட்டு செம்மேட்டுக் கடைவீதிக்குப் போய்ட்டு வரோணும்," என்பார் என் வீட்டுக்காரர்.

"அங்க போயி என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணல. போய்ட்டு வரோணும்."

இந்த ஒரு ஆசைக்காகத்தான் நான் அந்தத் தேர்தல் கூட்டத்துக்குப் போனேன். ஊர் வளர்ச்சி, நாட்டு வளர்ச்சி எல்லாம் எனக்குப் பிறகு. எங்கள் வாசலுக்கு ஒரு பாதை வர வேண்டும், அதில் அந்த வண்டி இறங்க வேண்டும்.

வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மலைப்பாதை வளைவுகளில் வந்த மயக்கம் இன்னும் தெளியாமல், கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே இருந்தார். பேச ஆரம்பிக்கும்போது அதை மேசைமேல் வைத்தார். எங்கள் ஊர்க்கவுண்டர் அதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை முறைப்படிதான் தொடங்குகிறார்கள் என்று நினைத்து, பழத்தில் கொஞ்சம் குங்குமம் வைத்தார். பாவம், அதன் பிறகு அதிகாரிக்கு அதை எடுத்து முகரத் தைரியம் வரவில்லை.

"இனிமே உங்க ஊருக்கு என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்," என்றார். "அதுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை நீங்களே தேர்ந்தெடுக்கணும். முதல்ல ஒரு தலைவர்."

"நாங்களே முடிவு பண்ணிக்கிட்டா நீங்க எதுக்குங் சார்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கேட்டவரைக் கேட்டால் மரியாதையாகத்தான் கேட்டேன் என்பார்.

ஒரே ஒரு பாதைக்கு நிதி வந்திருக்கிறது என்று ஊர் முழுக்க முன்பே தெரியும். அந்தப் பாதை தங்கள் வாசல் வழியாக வர வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். வேறு எதுவும் யார் தலையிலும் இல்லை. அதிகாரி குழு என்றால் எங்களுக்குப் பாதை, வளர்ச்சி என்றாலும் பாதை. அவர் தொண்டையைச் செருமினால்கூடப் பாதையைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்தோம்.

"தலைவர் பதவிக்கு யாராவது ஒருத்தரை முன்மொழியுங்க," என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கம் தன் பெயரைத் தானே சொல்லுவது வெட்கக்கேடு. அடுத்தவர் பெயரைச் சொன்னால், பெயர் விடுபட்ட பங்காளி அடுத்த கல்யாணத்துக்கு வர மாட்டார். பொம்பளைகள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஆக, யார் பெயரையும் யாரும் சொல்ல முடியாத ஒரு கூட்டத்தில் பெயர் சொல்லச் சொன்னால் என்ன நடக்கும்? எல்லோரும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கிருந்தாவது ஆரம்பிங்களேன்!" என்றார்.

ஊர்க்கவுண்டர் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து இறக்கி, "எதா இருந்தாலும் கடைசி ஊட்டுல இருந்துதானுங்க ஆரம்பிப்போம். அதுதான் நம்மூரு வழக்கம்," என்றார்.

அவர் சொன்னது நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, கறி பிரிக்கிற வழக்கத்தை. கிடா வெட்டினால் கறியைக் கூறு போட்டு, முதல் கூறைக் கடைசி வீட்டுக்குத்தான் அனுப்புவோம். மேலேயிருந்து கொடுத்துக்கொண்டே வந்தால் கீழே வந்து சேரும்போது எலும்புகூட மிஞ்சாது என்பதால் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. அதிகாரிக்குக் கறி தெரியுமா, கூறு தெரியுமா? "கடைசி வீட்டுக்காரரா? அவர் பேர் என்ன?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"நல்லது. இப்ப வழிமொழியறவங்க எந்திரிச்சுச் சொல்லுங்க."

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோல ஊரே எழுந்தது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் ஆமோதிப்பதுதான் வழிமொழிவது என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்தச் சொல் அப்படியே காதில் விழுந்தது. வழியை மொழியச் சொல்கிறார் சார். பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்கிறார்.

"நான் சொல்றனுங் சார்," என்று டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "என்ற கடைக்குப் பொறத்தால எறங்கோணுங்க. அப்பறம் களத்து மேட்டுல திரும்பி நேரா கடைசி ஊட்டுல போயி முடியோணுங்க."

"கடைசி வீட்டுக்காரரை வழிமொழியறீங்க. சரி, அடுத்து?"

"அதென்னங்க, களத்து மேட்டுல ஆரு போறாங்க?" என்று நடுவீட்டு அக்கா கிளம்பினாள். ஊரின் பெரிய பலாமரம் அவள் வாசலில் இருக்கிறது, அந்தத் தைரியம் அவளுக்கு எப்போதும் உண்டு. "எங்க பலாமரத்துக்கு இந்தண்ட வந்து, கெணத்தைச் சுத்தி, அப்பறமா கடைசி ஊட்டுக்குப் போகட்டுங்க."

"நீங்களும் கடைசி வீடு. சரி."

"சார், இவிக ரெண்டு பேரும் சொல்றது தப்புங்க," என்று ஊர்க்கவுண்டரே இறங்கிவிட்டார். "கோயிலடியைத் தொடாம ஒரு வழி உண்டுங்களா? கோயிலடி, அங்கிருந்து என்ற ஊடு, என்ற ஊட்டுல இருந்து கடைசி ஊடு."

ஆளாளுக்கு ஒரு வழி. அவரவர் வாசல், அவரவர் மாட்டுக்கொட்டகை, ஒருவர் தன் மாமியார் வீட்டைக்கூட விடவில்லை. எல்லா வழியும் எங்கள் வீட்டில் வந்துதான் முடிந்தது. முடியாமல் வேறு எங்கே முடியும்? அதற்குக் கீழே காடுதானே. அதிகாரி எங்கள் பேச்சின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். இத்தனை ஒற்றுமையான ஊரை அவர் பார்த்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. அடித்துக்கொள்ளாத குறையாக இவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்ற குழப்பமும் தெரிந்தது.

"கடைசி வீட்டுக்கு ஏதாவது எதிர்ப்பு இருக்கா?"

"அதுக்கு எதுக்குங் சார் எதிர்ப்பு? அங்கதான முடிஞ்சாகோணும்!"

"ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்," என்று அதிகாரி சத்தமாகப் படித்தார். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று ஊருக்குப் புரிந்தது; தங்கள் வாயாலேயே சொன்னதை மறுக்க முடியாமல் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு இரண்டாவது ஆள் பேசும்போதே புரிந்துவிட்டது. தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் இல்லை. கறி பிரிக்க ஊர் வீடுகளை ஆறு கூறாகப் பிரித்திருப்போம்; மற்ற ஆறு பேரைக் கூறுக்கு ஒருவராகப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர், பலாமரத்து அக்கா, ஊர்க்கவுண்டர் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். கையில் பாதி உரித்த கிழங்குடன் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்திரிச்சு நிக்கவே முடியாதவனைத் தேர்தல்ல நிக்க வெச்சுட்டு வந்திருக்கறயா, புள்ள?"

"நான் எங்கீங்க நிக்க வெச்சேன்? ஊரே வழிமொழிஞ்சுதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சிக்கல் முதல் கூட்டத்திலேயே வந்தது. கூட்டம் நடந்ததற்கு அத்தாட்சியாக ஒரு போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். போட்டோவில் பின்னால் 'சமுதாயக் கூடம்' என்ற எழுத்து தெரிய வேண்டும், நடுவில் தலைவர் இருக்க வேண்டும். சமுதாயக் கூடம் மேலே ரோட்டில். தலைவர் கீழே காட்டோரம். தலைவர் மேலே போகப் பாதை வேண்டும். பாதை வேண்டுமென்றால் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போடத் தலைவர் மேலே போக வேண்டும். இதை நான் அதிகாரியிடம் போனில் சொன்னேன். "நீங்களே ஏதாவது பண்ணிக்கோங்கம்மா," என்று வைத்துவிட்டார்.

குழுவில் இருந்தவர்கள் பண்ணினார்கள். எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கள் கல்யாணப் போட்டோவை ஒரு பிள்ளையை விட்டு வாங்கிப்போய், அதில் அவர் முகத்தை மட்டும் செம்மேட்டில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நடு நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டம் போட்ட ஆம்பளைப் படம் நாற்காலியில் இருப்பதைப் பார்த்ததும், கூடம் பெருக்க வந்த அம்மா பழக்க தோஷத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டாள். ஊர்க்கவுண்டர் தன் பங்குக்கு ஊதுபத்தி கொளுத்தினார். ஆறு பேரும் பக்கத்தில் கை கட்டி நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தலைவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். உடனே கூட்டம் கூட்டிப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கவும். விதிப்படி அந்தக் கூட்டத்துக்குத் தற்போதைய தலைவர் தலைமை தாங்க வேண்டும்.

நான் மேலே ஏறிப்போய்க் கத்திய கத்தலில் டீக்கடைக் கோழிகள் வண்டியிலிருந்து இறங்கி ஓடின. "என்ற தாலி இன்னும் கழுத்துல இருக்குது, பாருங்க! நல்லாப் பாருங்க!" என்று ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் காட்டினேன். ஊர்க்கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங் கண்ணு, தப்புதான்," என்றார். அந்த மாலையை எடுத்து அவரே மாட்டுக்குப் போட்டார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நிக்க வெச்சாங்க. இப்பப் போட்டோ புடிச்சுக் கொன்னும் போட்டாங்க," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாலு ஆம்பளைகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு மூங்கில் கழியும் கொண்டுவந்தார்கள். நாற்காலியைக் கழியில் கட்டி, அவரை உட்கார வைத்து மேலே தூக்கிப்போவது ஏற்பாடு. "ஒரே தடவை. போட்டோவுக்கு உசுரோட உக்காந்தாப் போதும்," என்றார் டீக்கடைக்காரர். நல்ல யோசனைதான். நானும் தலையாட்டினேன்.

"வேண்டாம்," என்றார் அவர்.

"ஏனுங்க, எல்லாரும் வேலையை விட்டுப்போட்டு வந்திருக்காங்க..."

"தூக்கிட்டுப் போறது சாமியை, இல்லீனா பொணத்தை. நான் இன்னும் ரெண்டும் ஆவல."

அவர்கள் போன பிறகு நான் சண்டை போட்டேன். ஊரே இறங்கி வருகிறது, இவருக்கு என்ன வீராப்பு என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மரத்துல இருந்து உழுந்த அன்னைக்குக் கம்பளியில போட்டு என்னைத் தூக்கிட்டுப் போனாங்கல்ல. வழியில பாத்தவங்க எல்லாரும் தூக்குனவங்களைத்தான் கேட்டாங்க, உசுரு இருக்குதான்னு. எங்கிட்ட ஒருத்தருங் கேக்கல. நான் கண்ணை முழிச்சுட்டுத்தான் கெடந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அன்று அந்தக் கம்பளிக்குப் பக்கத்தில் ஓடிவந்தவள் நான். நான்கூட அவரிடம் எதுவும் பேசிய ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு நாற்காலிப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஆனால் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டேன். "சார், உங்களுக்கு என்ன வேணும்? கூடம் வேணுமா, எழுத்து வேணுமா?" என்று கேட்டேன்.

"போட்டோவுல எழுத்து தெரியணும்மா. அவ்வளவுதான். நான் மறுபடியும் மலை ஏறி வந்து பாக்கப் போறதில்ல," என்றார். அந்த மனுஷனின் குரலில் எல்லா வளைவும் தெரிந்தது. மறுபடி இன்னோர் எலுமிச்சம்பழத்தை அவரால் தாங்க முடியாது.

அன்றைக்கே எங்கள் ஆட்டுக்கொட்டகைச் சுவர் சமுதாயக் கூடம் ஆனது. ஊரில் போர்டு எழுதத் தெரிந்தவர் டீக்கடைக்காரர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்துக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில், நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிது பெரிதாக எழுதினார். எழுதி முடித்து எட்டி நின்று பார்த்தால், 'சமுதாயக் குடம்' என்று இருந்தது. கூவன்னாவுக்குச் சுழி போடப் பெயிண்ட் மிஞ்சவில்லை. தலைவர் நடுவில் ஒரு பலகையில் உட்கார்ந்தார், ஆறு உறுப்பினர்கள் இரண்டு பக்கமும், பின்னால் நாலு ஆடு. கடைசி ஊட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் ஒருவழியாக ஒத்துக்கொண்டது.

"குடம்னு இருக்கேம்மா?" என்று அதிகாரி போனில் கேட்டார்.

"பெயிண்ட் தீந்துபோச்சுங் சார்."

"ஆடு?"

"அதுகளும் நம்மூருதானுங் சார்."

பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கூட்டம் ஓயவில்லை. மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் தினமும் இறங்கி வந்தார்கள். "தலைவரே, பாதையை என்ற களத்தோரம் வுடுங்க." "தலைவரே, அவங்க களத்தோரம் வுட்டா நான் மருந்தைக் குடிப்பேன்." எல்லோருக்கும் வரக்காப்பி போட்டுப் போட்டு என் கை ஓய்ந்தது. ஒருநாள் காப்பிச் சட்டியைக் கூட்டத்தின் நடுவில் வைத்து, "வழிமொழியறவங்க அவங்கவங்களே ஊத்திக் குடிங்க," என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லாமல் என்ன. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் பேச்சையும் கேட்பார். குரலே மாறிவிட்டது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வந்தால் கையைத் தூக்குவார், ஆள் நிறுத்திவிடுவார்.

பிறகு இன்ஜினியர் வந்தார். கொட்டகைக்கு முன்னால் நின்று சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல என்ன சண்டை? நேரா இறக்கிடலாம்," என்றார். "நேரா போட்டா படிக்கட்டுதான் வரும். ஆனா மழைக்கு முந்தி முடிச்சிடலாம்."

படிக்கட்டு என்றதும் எல்லோருக்கும் சம்மதமாகிவிட்டது. சுத்தமான சிமெண்ட் படிக்கட்டு, மழையில் வழுக்காது, கைப்பிடி வைத்துத் தருவார்களாம். யார் வாசலுக்கும் வராததால் யாருக்கும் பொறாமையும் இல்லை. "போட்ருங் சார்," என்றார் ஊர்க்கவுண்டர். படிக்கட்டில் எந்த வண்டி இறங்கும்? பாதை வேண்டும் பாதை வேண்டும் என்று இத்தனை நாள் கத்தி, கடைசியில் எங்கள் வாசலில் ஒரு படிக்கட்டு வந்து நிற்கப் போகிறது. அதற்குத் தலைவர் என்று அவர் கையெழுத்து வேறு போட வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். 'வண்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாவப்பட்டாவது ஊர் ஒத்துக்கொள்ளும். அவர் சொல்லவில்லை.

டீக்கடைக்காரரைப் பார்த்து, "அப்ப உன்ற கடைக்குப் பொறத்தால வராதா, மச்சான்?" என்றார், சும்மா கேட்பதுபோல.

"வராதா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நேரா வந்தா எப்படி வரும்? ஊர்க்கவுண்டர் மாமா ஊட்டுப் பக்கந்தான் எறங்கும்."

"அவிக ஊட்டுப் பக்கமா?" என்று பலாமரத்து அக்கா எழுந்துவிட்டாள். "படிக்கட்டுன்னு சொல்லிச் சொல்லி உங்க ஊட்டுக்கா இழுக்கறீங்க?"

"நான் எங்க இழுத்தேன்?" என்றார் ஊர்க்கவுண்டர். "கோயிலடியைத் தொடாம எறக்குனா நானே ஒத்துக்க மாட்டேன், ஆமா!"

அவ்வளவுதான், தேர்தல் அன்று விட்ட இடத்திலிருந்து ஊர் மறுபடி ஆரம்பித்தது. கடைக்குப் பின்னால், களத்து மேடு, பலாமரம், கிணறு, கோயிலடி, மாமியார் வீடு. காது கிழிந்துபோன இன்ஜினியர், "எல்லார் வாசலுக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டறேன், தயவு செஞ்சு உக்காருங்க!" என்று கும்பிட்டார். போட்டார். கோடு இங்கே வளைந்து அங்கே திரும்பி, மறுபடி இங்கே வந்து, மலைச்சரிவில் பாம்பு போனதுபோல இறங்கியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அட, இப்படி வளைஞ்சு வந்தா சரிவு குறைஞ்சிடுதே. படியே வேண்டாம். வண்டியே வரும்போல இருக்கே," என்றார்.

என் வீட்டுக்காரர் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு, "அப்படீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உள்ளே ஓடிவிட்டேன்.

பாதை வந்தது. ஊரின் ஒவ்வொரு வாசலையும் நலம் விசாரித்துக்கொண்டு வந்தது. வேலை முடிந்ததும் ஊருக்குப் புதுப் பெருமை பிடித்துக்கொண்டது. பெரிய மலைப்பாதையில் இருப்பதுபோல ஒவ்வொரு வளைவுக்கும் எண் பலகை நட வேண்டும் என்றார்கள். முதல் வளைவு யாருடையது என்று அதற்கொரு சண்டை. மேலேயிருந்து எண்ணினால் டீக்கடைக்காரருடையது. ஊர்க்கவுண்டர், "நம்மூர்ல எப்பவும் கடைசி ஊட்டுல இருந்துதான் ஆரம்பிப்போம்," என்று சொல்லி அதையும் எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

திறப்பு நாளில் வண்டியைக் கழுவி, கோழிகளை விரட்டி, செம்மேட்டிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஓட வைத்தார்கள். டீக்கடைக்காரரே ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் வாங்கிப்போயிருந்த சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மலை ஏற மாட்டேன் என்ற அதிகாரியே வந்துகொண்டிருக்கிறார், ரிப்பன் வெட்ட வேண்டும், காத்திருங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் தோள் பிடிக்க வந்தவர்களைக் கையசைத்து நிறுத்திவிட்டு, வாசல் கல்லிலிருந்து தானே வண்டிக்கு மாறினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. சாவியைப் போட்டார். கிளம்பிவிட்டார்.

ஒவ்வொரு வாசலிலும் ஆள்கள் நின்று பார்த்தார்கள். சில பேர் கைதட்டினார்கள். டீக்கடைவரை போய்த் திரும்புவார், எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நான் சாமைச் சோறு வடித்து வைத்திருந்தேன். அவர் டீக்கடையில் நிற்கவில்லை. கைகூடக் காட்டாமல் ரோட்டில் ஏறிப் போய்விட்டார் என்று சொன்னார்கள். அதிகாரி வந்தார், தலைவர் இல்லாமல் ரிப்பன் வெட்டினார், முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

மத்தியானம் ஆனது. சோறு ஆறியது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். செம்மேட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். இல்லை, அதைத் தாண்டி மலைப்பாதை இறங்குகிற பக்கம் போனார் என்று இன்னொருவர். எனக்கு முதலில் பயம். பிறகு கோபம். மறுபடி பயம். பிரேக் பிடிக்காமல் போயிருக்குமோ, எங்காவது கவிழ்ந்து கிடக்கிறாரோ என்று ரோட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். புதுப் பாதையில் அலைவதும் சுலபமாக இல்லை, எல்லார் வாசலிலும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பொழுது சாயும்போது வண்டிச் சத்தம் கேட்டது. மெதுவாக வளைந்து வளைந்து இறங்கி வாசலுக்கு வந்து நிறுத்தினார். முகமெல்லாம் புழுதி. கையில் ஒன்றும் வாங்கி வரவில்லை.

"எங்க போனீங்க?" என்று கத்தினேன். "உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னங்க?"

அவர் கோபப்படவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

"மூணு வருசமா ஒண்ணுக்குப் போறதுன்னாலும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான கண்ணு போனேன்," என்றார். "இன்னைக்கு ஒரு நாள் சொல்லாமப் போனேன்."

உள்ளே போய்ச் சோற்றைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் நிறையச் சாப்பிட்டார். அன்று அவர் எங்கே போனார் என்று இதுவரை நான் கேட்கவில்லை.